ஆணுறை எவ்வளவு நம்பகம்? எதை வைத்து அளப்பது?

சமூக மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் தன் ஆய்வுத் திட்டத்தோடு என்னிடம் வந்தார். மாணவர்களின் ஆய்வுகளில் புள்ளியியல் பகுதியைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. அவர் எடுத்திருந்த தலைப்பு, ஆணுறையின் செயல்திறன். கையில் ஓராண்டுக் காலம், கொஞ்சம் நிதி, ஒரு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் ஆய்வு நடத்த அனுமதி. உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது: "அக்கா, ஆணுறை எத்தனை சதவீதம் வேலை செய்யும்? ஒரு இடத்துல 98னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 87, இன்னொன்னுல 80. எதை எடுத்துக்கிறது?"

மூன்றும் சரியான எண்கள்தான். கேள்விதான் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆணுறையை ஒவ்வொரு முறையும் பிழையில்லாமல் பயன்படுத்தும் தம்பதிகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், முதல் ஆண்டில் இருவர் கருத்தரிப்பார்கள் என்பது அமெரிக்க மதிப்பீடு. 98 அங்கிருந்து வந்தது. சில நாள் மறந்து, சில நாள் தாமதமாகப் போட்டு, சில நாள் போடாமலே விட்டு, சாதாரண மனிதர்கள் பயன்படுத்துவதுபோல் பயன்படுத்தினால் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் கருத்தரிப்பார்கள். அது 87. மூன்றாவது எண் எச்.ஐ.வி. பற்றியது. ஒருவருக்குத் தொற்று உள்ள, மற்றவருக்கு இல்லாத ஆண் பெண் இணைகளில், எப்போதும் ஆணுறை போட்டவர்களுக்குத் தொற்று வந்த வேகம், போடவே போடாதவர்களைவிட 80 சதவீதம் குறைவு.

ஆக, முதல் இரண்டும் எத்தனை பேர் தப்பினார்கள் என்ற எண்ணிக்கை, மூன்றாவது ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட்ட விகிதம். இவற்றை ஒரே வரிசையில் வைப்பது, கிலோவையும் கிலோமீட்டரையும் வைத்து எது பெரிது என்று கேட்பது போன்றது. இதையும் பாருங்கள்: எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் ஓராண்டில் நூற்றுக்கு 85 பேர் கருத்தரிப்பார்கள் என்பதே அதே மதிப்பீட்டின் அடிப்படை. 85-ஐ 13 ஆக்கியது என்றால் குறைவு 85 சதவீதம். 85-ஐ 2 ஆக்கியது என்றால் கிட்டத்தட்ட 98 சதவீதம். 87 என்று அச்சடித்த அதே தரவை 85 என்றும் எழுதலாம், இரண்டும் பொய்யில்லை.

அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது ஒரு எண் அல்ல, ஒரு முடிவு: எதை அளப்பது? ஆய்வகச் சோதனை, கிழிதலும் நழுவுதலும், கருத்தரிப்பு, நோய்த்தொற்று, உடலில் விந்தின் தடயம் என ஐந்து வழிகள் அவர் முன்னால் இருந்தன. இரண்டு மாலைகள் உட்கார்ந்து பேசினோம். பேசியதை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆய்வகம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லேடெக்ஸ் என்ற இயற்கை ரப்பரில் செய்த ஆணுறைக்கான பன்னாட்டுத் தர விதி ஐ.எஸ்.ஓ. 4074. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, 300 மில்லி நீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். காற்றடித்து ஊதி வெடிக்க வைப்பார்கள். வழக்கமான அகலமுள்ள ஆணுறை 18 லிட்டர் காற்றையாவது தாங்க வேண்டும். 1992-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வகம் எச்.ஐ.வி. அளவுள்ள நுண்மணிகளை 89 ஆணுறைகளுக்குள் விட்டுப் பார்த்தது. அதில் 29 சற்றே கசிந்தன. மிக மோசமாகக் கசிந்ததை வைத்துக் கணக்கிட்டாலும், ஆணுறை இல்லாததோடு ஒப்பிட்டால் வெளிப்பாடு பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாக வைரஸ் புகுந்துவிடும் என்று இன்றும் பரப்பப்படும் பயத்துக்கு இது போதுமான பதில். ஆனால் ஆய்வகத்தில் யாரும் ஆணுறையைத் தலைகீழாகப் போடுவதில்லை, பல்லால் கடித்து உறையைப் பிரிப்பதில்லை, தேங்காய் எண்ணெய் தடவுவதில்லை. உற்பத்தியாளருக்கும் அரசுக் கொள்முதலுக்கும் தவிர்க்க முடியாத சோதனை இது, மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கு இதில் ஒன்றுமில்லை. மாணவியும் இதை உடனே ஒதுக்கிவிட்டார்.

கிழிந்ததா, கழன்றதா?

இரண்டாவது வழி, ஒவ்வொரு உறவுக்குப் பின்னும் கேட்பது. கிழிந்ததா? கழன்று விழுந்ததா? எந்தக் கட்டத்தில்? உறையைப் பிரிக்கும்போதோ போடும்போதோ கிழிந்தால் அதைத் தனியாக எழுதுவார்கள், ஏனென்றால் அப்போது இன்னும் யாருக்கும் ஆபத்து வரவில்லை, வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உறவின்போதோ வெளியே எடுக்கும்போதோ கிழிந்தாலும் முழுவதுமாகக் கழன்றாலும்தான் அது மருத்துவக் கணக்கில் தோல்வி. இந்தப் பிரிப்பைச் செய்யாத பழைய ஆய்வுகளின் எண்களைப் புதியவற்றோடு ஒப்பிடவே முடியாது.

இந்த வழியின் பெரிய பலம், எண்ணிக்கை வேகமாகச் சேர்ந்துவிடும் என்பது. 2022 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முறையாக ஓர் ஆணுறைக்குக் குதவழி உறவில் பயன்படுத்தவும் அனுமதி கொடுத்தது. அந்த அனுமதிக்குப் பின்னால் இருந்தது எமரி பல்கலைக்கழகத்தின் ஆய்வு. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் 252 பேர், பெண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் 252 பேர். குறிப்பேட்டில் பதிந்த ஒவ்வொரு உறவும் ஒரு தரவு. குதவழி உறவில் தோல்வி 0.68 சதவீதம், யோனிவழி உறவில் 1.89 சதவீதம். பல ஆண்டுகளாக எல்லோரும் நேர்மாறாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குதவழி உறவில் ஜெல் பயன்படுத்துவது அதிகம் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான உறவுகளின் கணக்கு இல்லாமல் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

ஆனால் இந்த அளவு எதற்குப் பதிலாக நிற்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிழிவது நமக்கு முக்கியமில்லை, அதன் விளைவுதான் முக்கியம். கிழிதலும் விளைவும் எப்போதும் கைகோத்துப் போகுமா? இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம், 1999-இல் வெளியான பாலியூரிதேன் (ஒருவகை பிளாஸ்டிக்) ஆணுறை ஆய்வு. அமெரிக்காவில் 805 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு லேடெக்ஸும் மறு பகுதிக்கு பாலியூரிதேனும் கொடுத்தார்கள். கிழிதல், கழலுதல் எல்லாம் சேர்ந்த தோல்வி லேடெக்ஸில் 1.6 சதவீதம், பாலியூரிதேனில் 8.5 சதவீதம். ஐந்து மடங்குக்கும் மேல். அப்படியானால் கருத்தரிப்பும் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும் அல்லவா? சாதாரணப் பயன்பாட்டில் ஆறு மாதக் கருத்தரிப்பு வீதம் பாலியூரிதேனில் 4.8 சதவீதம், லேடெக்ஸில் 6.3 சதவீதம். ஏறக்குறைய சமம், சொல்லப்போனால் அதிகம் கிழிந்த பாலியூரிதேனில் ஒரு படி குறைவு.

இதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது, அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லா முறையும் தவறாமல் பயன்படுத்தியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் பாலியூரிதேனில் 2.4, லேடெக்ஸில் 1.1. அங்கே கிழிதலின் நிழல் தெரிகிறது. சாதாரணப் பயன்பாட்டில் அது ஏன் மறைந்தது? அங்கே கருத்தரிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் கிழிந்த ஆணுறை அல்ல, போடாத ஆணுறை. போடாமல் விட்ட இரவுகளின் எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது, கிழிந்த இரவுகளின் வித்தியாசம் அதில் அமுங்கிப்போகிறது.

மாணவியிடம் ஒரு சின்னக் கணக்கும் போட்டுக் காட்டினேன். ஒரு உறவில் தோல்வி 1.6 சதவீதம் என்றால், ஆண்டுக்கு நூறு முறை உறவு கொள்ளும் தம்பதிக்கு ஒரு முறையாவது தோல்வி நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம். அவர் பயந்துவிட்டார். ஆனால் பிழையில்லாமல் பயன்படுத்துபவர்களில் கருத்தரிப்பு இரண்டே சதவீதம்தானே? ஒரு மாதச் சுழற்சியில் கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஆறுதான், அந்த ஆறிலும் ஒவ்வொரு உறவும் கருவாவதில்லை, கிழிந்தது தெரிந்தவர்கள் அவசரக் கருத்தடை மாத்திரை போட்டுக்கொள்ளவும் செய்கிறார்கள். அதோடு, தோல்விகள் எல்லோருக்கும் சமமாகப் பரவுவதுமில்லை. சில தம்பதிகளுக்கு மறுபடி மறுபடி கிழியும், பலருக்கு ஒருமுறைகூடக் கிழியாது. என் 80 சதவீதக் கணக்கு இந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்காத கணக்கு.

கருத்தரிப்பை எண்ணுவது

இது ஐயத்துக்கு இடமில்லாத விளைவு என்று தோன்றும். கருவுற்றாரா, இல்லையா, அவ்வளவுதானே? ஆனால் வகுத்தலில் கீழே எதைப் போடுவது என்பதில் நூறு ஆண்டுச் சண்டை இருக்கிறது. 1930-களில் ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்க உயிரியலாளர் எளிய வழி ஒன்று சொன்னார்: மொத்தக் கருத்தரிப்புகளை மொத்தப் பெண்-ஆண்டுகளால் (ஒரு பெண் ஓராண்டு ஆய்வில் இருந்தால் ஒரு பெண்-ஆண்டு) வகுத்து நூறால் பெருக்கு. பேர்ல் குறியீடு என்று இன்றும் மருந்துப் பெட்டிகளுக்குள் இருக்கும் தாளில் அச்சாகிறது.

இதில் கோளாறு எங்கே? எளிதில் கருத்தரிப்பவர்களும் கவனக்குறைவானவர்களும் முதல் சில மாதங்களிலேயே கருத்தரித்து ஆய்விலிருந்து வெளியேறிவிடுவார்கள். மிஞ்சி இருப்பவர்கள் கவனமானவர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: நூறு பேரில் முதலாண்டில் பத்துப் பேர் கருத்தரிக்கிறார்கள், இரண்டாம் ஆண்டில் மிஞ்சிய தொண்ணூறில் மூன்று பேர். ஆய்வை ஓராண்டில் நிறுத்தினால் குறியீடு பத்துக்கு மேல். அதே ஆய்வை இரண்டாண்டு ஓட்டினால் ஏழு. ஆணுறை மாறவில்லை, மக்கள் மாறவில்லை, ஆய்வின் நீளம் மட்டுமே மாறியது. அதனால்தான் 1960-களிலிருந்து மாதம் மாதமாகக் கணக்கிடும் வாழ்நாள் அட்டவணை முறைக்கு ஆய்வாளர்கள் மாறினார்கள். யாராவது ஆய்வின் கால அளவைச் சொல்லாமல் பேர்ல் குறியீட்டை மட்டும் காட்டினால், நான் அதை ஏற்பதில்லை.

இன்னொரு நுணுக்கம். 'பிழையற்ற பயன்பாடு' என்ற எண்ணைக் கணக்கிடும்போது, பிழையற்ற மாதங்களில் நடந்த கருத்தரிப்புகளைப் பிழையற்ற மாதங்களின் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். மொத்த மாதங்களால் வகுத்துவிட்டு அழகாகச் சின்ன எண்ணைக் காட்டிய ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன.

சாதாரணப் பயன்பாட்டு எண்ணான 13 சதவீதம், அமெரிக்காவின் தேசியக் குடும்ப வளர்ச்சிக் கணக்கெடுப்பு 2006 முதல் 2010 வரை திரட்டிய தரவிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய மதிப்பீடு 18 சதவீதம், அந்தப் பழைய எண் இன்றும் பல கையேடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், 43 நாடுகளின் மக்கள்தொகை, நலக் கணக்கெடுப்புகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில் ஆணுறையின் ஓராண்டுத் தோல்வி இடைநிலை மதிப்பாக (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 5.4 சதவீதம். 13 எங்கே, 5.4 எங்கே? இந்தக் கணக்கெடுப்புகளில் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்கள் பலர் அதைச் சொல்வதில்லை. சொல்லாத கருத்தரிப்பு, தோல்விக் கணக்கிலும் வராது. அமெரிக்க எண்ணில் இதற்கான திருத்தம் சேர்க்கப்படுகிறது. ஆணுறை பயன்படுத்துபவர்கள் யார் என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. திருமணமாகி இரண்டு குழந்தை பெற்ற முப்பத்தைந்து வயதுப் பெண்ணையும் இருபது வயது மாணவியையும் ஒரே எண்ணில் அடைக்க முடியாது.

ஒரு தம்பதிக்கு ஆலோசனை சொல்ல உட்காரும் மருத்துவருக்கு எது வேண்டும் என்று கேட்டால், நான் தயங்காமல் இந்த வழியைச் சொல்வேன், வாழ்நாள் அட்டவணை முறையில் கணக்கிட்டதாக இருந்தால். ஆனால் ஓராண்டில் முடிக்க வேண்டிய மாணவர் ஆய்வுக்கு இது எட்டாது.

தொற்றை எண்ணுவது

மாணவி முதலில் எழுதிக் கொண்டுவந்த திட்டம் இதுதான். பால்வினை நோய்ப் பிரிவுக்கு வருபவர்களிடம் "ஆணுறை எப்போதும் போடுவீர்களா, சில சமயமா, போடுவதே இல்லையா?" என்று கேட்பது. பிறகு யாருக்குத் தொற்று இருக்கிறது என்று பார்த்து ஒப்பிடுவது. செலவு குறைவு, மூன்று மாதத்தில் முடியும். நான் இதைத்தான் கடுமையாக எதிர்த்தேன்.

சிக்கல் இது. ஆணுறை போடாதவர்களில் பலருடைய இணைக்குத் தொற்றே இல்லை. அவர்கள் போடாவிட்டாலும் ஒன்றும் வராது. மாறாக, புதிய இணை, சந்தேகமான இணை என்றால்தான் பலர் ஆணுறையை எடுக்கிறார்கள். ஆபத்து அதிகமான இடத்தில் ஆணுறை, ஆபத்தே இல்லாத இடத்தில் ஆணுறை இல்லை. இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் ஆணுறை பயனற்றதுபோல் தெரியும். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகவே காட்டியது. கொனோரியா, கிளமிடியா என்ற இரண்டு பால்வினைத் தொற்றுகளையும் வைத்து, இணைக்குத் தொற்று இருக்கிறதா என்றே தெரியாதவர்களிடம் பார்த்தபோது, மற்றவர்களோடு ஒப்பிட்டு, ஆணுறையை ஒழுங்காகப் போட்டவர்களின் தொற்று வாய்ப்பு விகிதம் 0.82 (1 என்றால் வித்தியாசமே இல்லை). போட்டும் போடாமலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே படிப்பவர் நினைப்பார். இணைக்குத் தொற்று இருப்பது உறுதியாகத் தெரிந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தபோது அதே விகிதம் 0.42. அதே ஆய்வு, அதே கேள்வித்தாள். யாரை எண்ணுவது என்பதைச் சரியாக முடிவு செய்ததும் பாதுகாப்பு பலமடங்கு தெளிவாகிவிட்டது.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. 2000-இல் அமெரிக்கத் தேசிய நலக் கழகங்கள் எட்டுப் பால்வினைத் தொற்றுகளுக்கான சான்றுகளைக் கூட்டிப் பரிசீலித்தன. எச்.ஐ.வி.க்கும், ஆண்களின் கொனோரியாவுக்கும் சான்று வலுவாக இருக்கிறது, மற்றவற்றுக்கு இருக்கிற ஆய்வுகள் போதவில்லை என்றது அந்த அறிக்கை. 'ஆய்வு போதவில்லை' என்பதை 'ஆணுறை வேலை செய்யவில்லை' என்று மாற்றிப் பிரசாரம் செய்தவர்கள் பலர். அளவீட்டில் இருந்த ஓட்டையை ஆணுறையில் இருக்கும் ஓட்டையாகக் காட்டினார்கள். இளைஞர்களின் உயிரோடு விளையாடும் செயல் அது.

நல்ல வழி என்ன? ஆணுறை கொடுக்காமல் ஒரு குழுவை நிறுத்தி வைக்கும் குலுக்கல் ஆய்வை மனசாட்சி உள்ள எவரும் நடத்த முடியாது. அதனால் ஒருவருக்குத் தொற்றுள்ள இணைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதே அடுத்த சிறந்த வழி. ஐரோப்பாவில் அப்படி நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது. தவறாமல் ஆணுறை போட்ட 124 இணைகளில், ஏறத்தாழ 15,000 உறவுகளுக்குப் பிறகும், ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை. விட்டுவிட்டுப் போட்ட 121 இணைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 4.8 பேருக்கு வந்தது. இது போன்ற ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் 2002-இல் வெளியிட்ட மதிப்பாய்வில்தான் அந்த 80 சதவீதம் வருகிறது: எப்போதும் போட்டவர்களில் நூறு ஆள்-ஆண்டுக்கு 1.14 தொற்று, போடாதவர்களில் 5.75. இங்கே சுட்டிக்காட்ட வேண்டிய விஷயம், இந்த 80 என்பது நூறு முறையில் இருபது முறை ஆணுறை தோற்கும் என்று பொருள்படாது. 'எப்போதும் போட்டோம்' என்று சொன்னவர்களில் எப்போதும் போடாதவர்களும் இருந்திருப்பார்கள். அந்த 1.14-க்குள் அவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சந்தேகத்துக்கு நம் ஊர்த் தொடர்புள்ள ஒரு சான்றும் உண்டு. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 இணைகளை ஒன்பது நாடுகளில் சேர்த்த எச்.பி.டி.என். 052 என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வின் மையங்களில் சென்னையும் ஒன்று. எச்.ஐ.வி. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் இணைக்குத் தொற்று பரவுவது குறையுமா என்பது கேள்வி, குறையும் என்று 2011-இல் பதில் கிடைத்தது. அங்கே எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்தார்கள், பெரும்பாலானோர் தவறாமல் போடுவதாகவே சொன்னார்கள். ஆனாலும் 39 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. வைரஸின் மரபணுவைப் பொருத்திப் பார்த்ததில் 28 மட்டுமே ஆய்வில் இருந்த இணையிடமிருந்து வந்தவை என்று தெரிந்தது. மீதியில் சில வெளியிலிருந்து வந்தவை, சில உறுதி செய்ய முடியாதவை. 'யாரிடமிருந்து வந்தது' என்பதை நாமே அனுமானித்துக்கொண்டால் எவ்வளவு தவறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் போன்ற, தோலோடு தோல் பட்டுப் பரவும் தொற்றுகளுக்கு ஆணுறை உதவாது என்றே நெடுநாள் சொல்லி வந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் உறவு வாழ்க்கையைத் தொடங்கிய 82 மாணவிகளை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணினியில் குறிப்பேடு எழுத வைத்துப் பின்தொடர்ந்தார்கள். 2006-இல் முடிவு வந்தது: எல்லா உறவிலும் ஆணுறை என்றால் நூறு ஆள்-ஆண்டுக்கு 37.8 தொற்று, இருபதில் ஒரு முறைகூட இல்லை என்றால் 89.3. முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் பயனற்றதும் இல்லை. இரண்டு வார இடைவெளியில் கேட்டது இங்கே முக்கியம். ஆறு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

விந்தின் தடயம்

கடைசி வழிக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஆய்வகம் தவிர, மனிதர்கள் வாயால் சொல்வதை நம்ப வேண்டியிருந்தது. பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புரதம். விந்தில் ஏராளமாக இருக்கும். யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துச் சோதித்தால் கடந்த இரண்டு நாளுக்குள் விந்து பட்டதா என்று தெரியும். ஆண் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தாலும் தெரியும், ஏனென்றால் விந்தணு இல்லாவிட்டாலும் இந்தப் புரதம் இருக்கும். இன்னும் நீண்ட காலம் பின்னோக்கிப் பார்க்க வேண்டுமானால் ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமைத் தேடும் சோதனை இருக்கிறது, அது இரண்டு வாரம் வரை பிடிக்கும்.

இந்தச் சோதனைகள் வாய்மொழியின் மேல் வைத்த நம்பிக்கையை நன்றாகவே ஆட்டிவிட்டன. ஜிம்பாப்வேயில் 910 பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. இருந்த பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கடந்த இரண்டு நாளில் உறவே இல்லை அல்லது ஆணுறையோடுதான் என்று சொல்லியிருந்தார்கள். நேரில் கேட்டால் வெட்கம், கணினி வழியாகத் தனியாகக் கேட்டால் உண்மை வரும் என்று நினைத்து இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. அட்லாண்டாவில், கடந்த பதினான்கு நாளில் எல்லா முறையும் ஆணுறைதான் என்று சொன்ன 186 இளம் பெண்களில் 34 சதவீதத்தினரிடம் ஒய் குரோமோசோம் இருந்தது.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாதி உறவில் போட்டிருக்கலாம், கழற்றும்போது சிந்தியிருக்கலாம், ஆண் கழற்றியது பெண்ணுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். பி.எஸ்.ஏ. விந்து பட்டதைச் சொல்லுமே தவிர, எப்படிப் பட்டது என்று சொல்லாது. தோல் வழியே பரவும் தொற்றைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. ஆணுறைத் தோல்வி ஆய்வுகளில் இதைப் பயன்படுத்தியபோது, கிழிந்ததாகச் சொன்ன எல்லா உறவிலும் விந்து படவில்லை என்றும், ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொன்ன சிலவற்றில் பட்டிருந்தது என்றும் தெரிந்தது. கிழிதலுக்கும் விளைவுக்கும் நடுவே இருந்த இருட்டில் இது ஒரு விளக்கு.

அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணிடம் மாதிரி எடுத்து, "நீ சொன்னது தவறு" என்று அவர் முகத்துக்கு நேரே காட்டுவதற்கான கருவி இல்லை இது. அந்தத் தாள் கணவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இந்தச் சோதனையைத் திட்டத்தில் சேர்க்கவே கூடாது.

எதைத் தேர்ந்தோம்?

இத்தனையும் பேசிய பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது, மாணவிக்கும் அதைச் சொன்னேன். தொற்றை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. போடாதவர் போட்டேன் என்பது, ஆபத்தான இணையிடம் மட்டும் போடுவது, தொற்றே இல்லாத இணைகளைக் கலந்து எண்ணுவது எல்லாமே ஆணுறையை இருப்பதைவிட மோசமாகக் காட்டும். ஆகவே மலிவான வழியில் செய்து வரும் பலவீனமான முடிவு, முடிவே இல்லாததைவிட மோசம். அது ஒருநாள் யாரோ ஒருவர் கையில் 'ஆணுறை பயனில்லை' என்று ஆகும்.

அவருடைய முதல் திட்டத்தைக் கைவிட்டோம். இரண்டு வழி மிஞ்சின. அந்தப் பிரிவில், தொற்றுள்ளவரின் இணையையும் அழைத்துச் சோதிக்கும் பதிவேடு ஒழுங்காக இருந்தால், இணைக்குத் தொற்று உறுதியானவர்களை மட்டும் எடுத்துத் தொற்றை ஒப்பிடலாம். போய்ப் பார்த்தார். பல பக்கங்களில் இணையின் சோதனை முடிவு எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அது போனது.

மிஞ்சியது கிழிதல், கழலுதல் குறிப்பேடு. அவருக்கு உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததும் அதற்குப் பொருந்தியது: கவுன்சிலர் மாதிரி உறுப்பில் போட்டுக் காட்டினால் தோல்வி குறையுமா? விளைவை நேரடியாக அளக்காதது குறைதான். ஆனால் போட்டுக் காட்டுவது மாற்றக்கூடியது போடும் விதத்தைத்தானே? அதற்கு மிக அருகில் இருக்கும் அளவு இது. தோல்வி 3 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைகிறதா என்று கண்டுபிடிக்க, குழுவுக்கு ஏறத்தாழ 1,530 உறவுகளின் பதிவு வேண்டும். ஒரே தம்பதிக்கே திரும்பத் திரும்பக் கிழியும் என்பதால் அதற்கு மேலும் கூட்டினோம். நிதியில் மிச்சமிருந்ததைச் சிறிய ஒரு பகுதியினருக்கு மட்டும், அவர்கள் சம்மதத்தோடு, உறவுக்கு முன்னும் பின்னும் பி.எஸ்.ஏ. மாதிரி எடுக்க ஒதுக்கினோம். முன்னால் எடுக்காவிட்டால் முந்தாநாள் உறவின் தடயத்தை இன்றைய தோல்வியாக எழுதிவிடுவோம்.

கேள்வித்தாளில் 'எப்போதும்', 'சில சமயம்' என்ற சொற்களை எடுத்துவிட்டோம். ஒருவருடைய எப்போதும் இன்னொருவருடைய சில சமயம். முதலில் இந்த வாரம் எத்தனை முறை உறவு, அதில் எத்தனை முறை நிரோத், பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்ன நடந்தது என்று எண்ணாகக் கேட்கிறோம். முன்னோட்டமாக ஒன்பது பேரிடம் கேட்டபோது எழுத்துத் தமிழே தடையாக நின்றது. 'ஆணுறை நழுவியதா?' என்ற கேள்விக்கு எல்லோரும் இல்லை என்றார்கள். கவுன்சிலர் அம்மா அதை "கழண்டுக்கிச்சா? உள்ளயே மாட்டிக்கிச்சா?" என்று மாற்றிக் கேட்டார். ஒன்பதில் இரண்டு பேர் சற்று யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்கள். படிவத்தில் இப்போது அந்தச் சொற்களே இருக்கின்றன.